முதல் கார் வாங்கப் போகும் இளம் குடும்பத்துக்கு: குமரி மாவட்டக்காரர்களுக்கான முழு வழிகாட்டி

சொந்தத்தில் யார் முதல் கார் வாங்கப் போனாலும் "நீயும் கூட வா" என்று என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. நான் மெக்கானிக் இல்லை. என் முதல் காரைத் தப்பாக வாங்கிப் பட்டவன், அவ்வளவுதான் தகுதி.

கூடப் போய்ப் பார்த்ததில் எல்லாரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதலில் வண்டியைப் பிடித்துவிடுகிறார்கள். வீடு, வழி, பணம், பிள்ளை எல்லாவற்றையும் பிறகு அதற்கு ஒத்துவரச் செய்யப் பார்க்கிறார்கள். இங்கே ஷோரூம் எட்டாவது படியில்தான் வரும். பொறுமையாக வாருங்கள்.

1. லைசென்ஸ் முதலில்

வண்டி வந்த பிறகு ஓட்டப் படித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. எல்.எல்.ஆர். (ஓட்டிப் பழகுவதற்கான உரிமம்) எடுத்து 30 நாள் கழிந்துதான் டெஸ்டுக்குப் போக முடியும். அந்த எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான் செல்லும். வண்டி முதலில் வந்தால் இந்த இடைவெளியில் அது போர்ச்சில் தூசி பிடித்து நிற்கும், தவணை மட்டும் ஓடும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஓட்டத் தெரியாதவருக்கு ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது என்று தெரியாது. சீட் மெத்தென்று இருக்கிறது, ஏ.சி. நன்றாகக் குளிர்கிறது என்பதோடு திரும்பிவிடுவார். கணவன், மனைவி இருவரும் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். நடுராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது ஓட்டத் தெரிந்த ஒருவர் வெளியூரில் இருந்தால் கார் இருந்தும் ஆட்டோதான்.

2. இரண்டு வாரம் ஒரு நோட்டு

எங்கே போனோம், எத்தனை பேர், எத்தனை கிலோமீட்டர், கையில் என்ன சாமான் இருந்தது. இதை மட்டும் இரண்டு வாரம் எழுதுங்கள். பைக்கில் போனதும் பஸ்ஸில் போனதும், வண்டி இல்லாததால் போகாமல் விட்டதும் சேர்த்து.

என் சித்தி மகன் ஏழு பேர் உட்காரும் வண்டிதான் வேண்டும் என்று நின்றான். நோட்டைப் பார்த்தால் பதினான்கு நாளில் பன்னிரண்டு நாள் மூன்றே பேர். தக்கலையிலிருந்து நாகர்கோவில், திரும்ப வீடு. ஏழு பேர் சேர்ந்து போவது வருஷத்துக்கு ஒரு வேளாங்கண்ணி, ஒரு கல்யாணம். அந்த இரண்டு நாளுக்கு வேன் பிடித்தால் ஆகும் செலவு, பெரிய வண்டியின் ஒரு மாதத் தவணைக்குள் அடங்கிவிடும்.

3. மாதக் கணக்கு

"எவ்வளவு விலைக்குள் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால் எல்லாரும் ஒரு லட்சக் கணக்கைச் சொல்வார்கள். மாதம் எவ்வளவு முடியும் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஒரு மாதிரிக் கணக்கு இது:

5 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் தவணை சுமார் 10,500. மாதம் 800 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 16 கிடைத்தால் 50 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலே 5,000. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் இவற்றை மாதக் கணக்கில் பிரித்தால் இன்னொரு 3,000. ஆகமொத்தம் பதினெட்டாயிரத்தைத் தாண்டுகிறது. ஷோரூமில் உங்கள் காதில் விழுவது முதல் எண் மட்டும்தான்.

இப்போது ஒரு சோதனை. இந்தத் தொகையை மூன்று மாதம் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். ஒரு மாதமாவது அதிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் அந்த வண்டி உங்களுக்கு ஒரு படி பெரியது. சமாளித்துவிட்டால் முன்பணத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் சேர்ந்திருக்கும்.

4. கேட்டையும் வழியையும் அளந்து பாருங்கள்

நான் விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு மெயின் ரோட்டிலிருந்து ஏழடி முடுக்கு. நான் வாங்கிய வண்டியின் அகலம் 179 சென்டிமீட்டர். ஏழடி என்பது 213. தாராளமாகப் போகும் என்று நினைத்தேன். மிரர் இரண்டையும் சேர்த்தால் இரண்டு மீட்டர் வந்துவிடும் என்பதை யோசிக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. முடுக்கில் நேராகப் போன வண்டி கேட்டுக்குள் திரும்ப வேண்டுமே? முன்பக்கம் எதிர்வீட்டு மதிலில் நின்றது, பின்பக்கம் எங்கள் கேட் தூணில் நின்றது. பூஜை போட்டு மாலையோடு வந்த வண்டி அது. அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்கிறாள், நான் முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் ரோட்டோரம் ஒரு தெரிந்தவர் விளையில் நான்கு மாதம் நிறுத்தி, தூணை இடித்துக் கட்டிய பிறகுதான் வண்டி வீட்டுக்குள் வந்தது.

செய்ய வேண்டியது எளிது. இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பு வெட்டிக்கொள்ளுங்கள். அதைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு ரோட்டிலிருந்து போர்ச் வரை நடங்கள். கரண்ட் போஸ்ட், அதன் ஸ்டே கம்பி, ஓடை மேல் போட்ட சிலாப், எதிர்வீட்டுப் படிக்கட்டு எல்லாம் அப்போது தெரியும். சானல் கரை ரோட்டில் வீடு என்றால் எதிரே ஆட்டோ வந்தால் எங்கே ஒதுங்குவீர்கள் என்றும் பாருங்கள்.

வண்டிகளுக்குள் வித்தியாசம் நிறைய. வேகன் ஆர் 162 சென்டிமீட்டர் அகலம், டாடா பஞ்ச் 174, நெக்ஸான் 180. காகிதத்தில் சின்ன எண்கள்தான். முடுக்கில் அதுவே ஒரு மிரரின் விலை.

அடுத்தது சரிவு. விளவங்கோடு, கல்குளம் பக்கம் ரோடு ஓரிடத்தில், வீடு அதற்கு மேலேயோ கீழேயோ. காங்கிரீட் சரிவு ரோட்டில் வந்து முட்டும் இடத்தில்தான் பம்பரும் அடிப்பகுதியும் உரசும். வேகன் ஆரின் அடி தரையிலிருந்து 165 மில்லிமீட்டர் உயரம், பஞ்ச் 187. நாலு பேர் ஏறினால் இரண்டுமே இன்னும் இறங்கும். உங்கள் சரிவு செங்குத்து என்றால் இந்த எண்ணை நோட்டில் தனியாகக் குறித்து வையுங்கள்.

5. பிள்ளையின் சீட்டை வண்டிக்கு முன்பே முடிவு செய்யுங்கள்

"மடியில் வைத்துக்கொள்வோம்" என்பதுதான் இங்கே வழக்கம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி எதிலாவது மோதினால் பத்துக் கிலோ பிள்ளையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ போடாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு.

சீட்டை வயதை வைத்து வாங்காதீர்கள். எடையும் உயரமும்தான் கணக்கு. கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்க்கும் சீட். குறைந்தது பதினைந்து மாதம் வரை அப்படித்தான் இருக்க வேண்டும். தலை கனம், கழுத்து பலமில்லை. மோதும்போது முதுகு முழுவதும் அடியைத் தாங்கிக்கொள்ளும். இந்தச் சீட்டை முன் சீட்டில், ஏர்பேக் வேலை செய்யும் நிலையில் ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் வெடித்தால் அது பிள்ளையின் தலைக்குப் பின்னால்தான் அடிக்கும்.

பின்சீட்டில் இடது பக்கம் வையுங்கள். ரோட்டோரம் நிறுத்தினால் ஓரப் பக்கத்துக் கதவைத் திறந்தே பிள்ளையைத் தூக்கலாம்.

இதை ஏன் இவ்வளவு முன்னால் சொல்கிறேன்? பின்பக்கம் பார்க்கும் சீட் நிறைய இடம் பிடிக்கும். சில சின்ன வண்டிகளில் அதை மாட்டியதும் முன் சீட்டை டாஷ்போர்டு வரை தள்ள வேண்டியிருக்கும். சில வண்டியில் பெல்ட்டின் நீளமே போதாது. ஆகவே சீட்டை வாங்கிக்கொண்டோ, கடன் வாங்கிக்கொண்டோ ஷோரூமுக்குப் போய் மாட்டிப் பாருங்கள். குழந்தை சீட்டை நேராக வண்டியோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. சீட் சாய்வுக்கும் மெத்தைக்கும் இடையே கையை விட்டுத் தொட்டுப் பாருங்கள்.

6. புதுசா, பழசா

புது வண்டி என்றால் தமிழ்நாட்டு வரியைச் சேர்த்தே பேசுங்கள். 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18. ஷோரூம் விலை 9.9 லட்சம் என்றால் வரி சுமார் 1,28,700, 10.2 லட்சம் என்றால் 1,83,600. முப்பதாயிரம் விலை கூடிய மாடலை எடுத்தவர் வரியில் மட்டும் ஐம்பத்தைந்தாயிரம் கூடக் கட்டுகிறார்.

பழைய வண்டி பார்ப்பவர்களுக்கு ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள், 1200 சி.சி.க்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன்பு 28 சதவீதமும் செஸ்ஸும். விற்பவர் தான் அன்றைக்குக் கொடுத்த விலையைச் சொல்லியே பேசுவார். நீங்கள் அதே மாடலின் இன்றைய புது விலையைக் கேட்டுவைத்துக்கொண்டு பேசுங்கள்.

எந்த வருஷம் வரை பழசு பார்க்கலாம்? குடும்பத்துக்கு என்றால் 2022க்கு முன் போகாதீர்கள் என்பேன். முன்பக்கம் இரண்டு ஏர்பேக்கும் எல்லாப் புது காரிலும் கட்டாயமானது அந்த வருஷம் ஜனவரியில். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானது கிடைத்தால் இன்னும் நல்லது. இன்றைய இ-20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலைத் தாங்கும் குழாயும் சீலும் அதில் இருக்கும்.

கேரள நம்பர் வண்டி பாறசாலையில் மலிவாகக் கிடைக்கிறது என்று பாய்கிறவர்கள், என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) இங்கே கட்ட வேண்டிய வரியும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் நம்பர் மாற்றியே ஆக வேண்டும். பாதிப் பேருக்கு லாபம் அங்கேயே கரைந்துவிடுகிறது.

7. எரிபொருளும் கியரும்

மாதம் 800 கிலோமீட்டர் ஓடுபவருக்கு பெட்ரோல் போதும். சின்னச் சின்ன ஓட்டத்துக்கு டீசல் வேண்டாம். புகைக்கரியை வடிகட்டும் ஃபில்டர் சூடேறிச் சுத்தமாக நீண்ட ஓட்டம் வேண்டும். சி.என்.ஜி. என்றால் டிக்கியில் சிலிண்டரும் பிள்ளையின் தள்ளுவண்டியும் சேர்ந்து இருக்குமா என்று பாருங்கள், நீங்கள் தினமும் போகும் வழியில் பங்க் இருக்கிறதா என்றும். கரண்ட் வண்டி, சொந்த போர்ச்சில் 15 ஆம்பியர் பிளக் உள்ளவர்களுக்கு நன்றாகவே ஒத்துவரும்.

கிளட்ச் பெடல் இல்லாத வண்டி வேண்டும் என்றால் ஏ.எம்.டி. (கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஒரு வகை) விலை குறைவு, ஆனால் மேட்டில் நின்று கிளம்பும்போது பின்னால் நகரலாம். மேட்டில் பிடித்து நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

8. இப்போது ஷோரூம்

மூன்று மாடலுக்கு மேல் பார்க்க வேண்டாம். நாலாவதைப் பார்த்தால் முதலாவது மறந்துவிடும். மோதல் சோதனை நட்சத்திரத்தைப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள். நம் நாட்டுச் சோதனையான பாரத் என்.சி.ஏ.பி. 2023 அக்டோபரில் தொடங்கியது. அதற்கு முன் வந்தவற்றில் பலவற்றுக்கு வெளிநாட்டு அமைப்பான குளோபல் என்.சி.ஏ.பி.யின் முடிவுகள் உண்டு. பெரியவர், குழந்தை இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண். விற்பனையாளர் பெரியவருடையதைத்தான் சொல்வார். நமக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது தனியாகப் போகாதீர்கள். மனைவி, பிள்ளை, அம்மா, தள்ளுவண்டி எல்லாம் ஏறட்டும். ஷோரூம்காரர் நாலுவழிச் சாலையில் நேராக ஒரு கிலோமீட்டர் விட்டுத் திருப்பிக் கூட்டிவரப் பார்ப்பார். "அண்ணாச்சி, எங்க வீடு வரைக்கும் ஒரு தடவை கொண்டு போறோம்" என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். உங்கள் கேட்டில் ஏற்றிப் பாருங்கள், ஏதாவது ஒரு மேட்டில் நிறுத்திக் கிளம்பிப் பாருங்கள். அம்மா முழங்காலைப் பிடிக்காமல் ஏறி இறங்குகிறாளா? பின்சீட்டில் ஏ.சி. எட்டுகிறதா?

அன்றைக்கு முன்பணம் கட்ட வேண்டாம். "இன்னைக்கு மட்டும்தான் ஆஃபர்" என்பார்கள். மாதக் கடைசியில் போனால் அதே ஆஃபர் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

9. பழைய வண்டியைப் பார்க்கும் முறை

முதலில் காகிதம், பிறகு வண்டி. எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி, இன்சூரன்ஸ் தேதி எல்லாம் வரும். பாக்கி அபராதத்தையும் அப்போதே பாருங்கள். கடன் தீர்ந்தது என்று வாயால் சொன்னால் போதாது, பைனான்ஸ்காரரின் என்.ஓ.சி.யும் 35ஆம் படிவமும் கையில் வர வேண்டும்.

வண்டியில் இந்த மாவட்டத்துக்கென்று இரண்டு நோய் உண்டு: உப்பும் வெள்ளமும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் நின்ற வண்டி மேலே பளபளவென்றுதான் இருக்கும். குனிந்து கதவின் கீழ் விளிம்பு, சைலன்சர், சஸ்பென்ஷன் பாகங்களைப் பாருங்கள். மேலோட்டமான துரு பரவாயில்லை. விரல் பட்டால் அடையாக உதிரும் துரு என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

வெள்ளம் இன்னும் மோசம். 2018இல் கேரளம், 2021 நவம்பரில் நம் மாவட்டம், 2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடி. தண்ணீரில் கிடந்த வண்டிகள் கழுவித் துடைத்து எல்லை தாண்டி வரும். ஒரு முறை நாங்கள் பார்த்த வண்டி உள்ளே வாசனையாக, புது மேட், புது சீட் கவரோடு இருந்தது. ஓட்டுநர் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தேன். அடியில் ஒரு சாண் நீளத்துக்குச் செம்மண் கறை. விற்றவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மொபைலைப் பார்த்தார். பெல்ட்டை யாரும் கழற்றிக் கழுவ மாட்டார்கள் அல்லவா? அதேபோல ஸ்டெப்னியைத் தூக்கி அடியிலும், மேட்டை விலக்கி சீட் போல்ட்டிலும் பாருங்கள்.

கடைசியில் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விற்பவருக்குத் தெரிந்தவரிடம் வேண்டாம்.

10. கடனும் இன்சூரன்ஸும்

வட்டியில் ஒரு வார்த்தை எல்லாவற்றையும் மாற்றும். "வெறும் 7 சதவீதம்" என்று ஒருவர் சொன்னால் ஃபிளாட்டா (கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி), குறையும் வட்டியா (பாக்கி அசலுக்கு மட்டும் வட்டி) என்று கேளுங்கள். 5 லட்சத்துக்கு ஐந்து வருஷம் 7 சதவீத ஃபிளாட் என்றால் தவணை 11,250. பேங்கின் 9.5 சதவீதக் குறையும் வட்டிக்கு 10,500. ஏழு பெரிசா, ஒன்பதரை பெரிசா என்று பார்த்து ஏமாறுபவர்கள் படித்தவர்களிலும் உண்டு. தவணைத் தொகையை மாதங்களால் பெருக்கி ஒப்பிடுங்கள், அது பொய் சொல்லாது.

தவணையைக் குறைக்க ஏழு வருஷம் எடுத்தால் மாதம் சுமார் 8,170 ஆகும். மொத்தத்தில் ஐம்பத்தாறாயிரம் கூடப் போகும்.

இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே ஒரு விலை கேட்டுக்கொண்டு போங்கள், அங்கே குறைப்பார்கள். சீரோ டெப்ரிஷியேஷனோடு (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் கவர்) எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவரையும் எடுங்கள். இரண்டு பருவமழையும் கொட்டும் ஊர் நம்முடையது. தேங்கிய தண்ணீரில் நின்றுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் சாதாரண பாலிசி பணம் தராது.

பழைய வண்டி என்றால் பெயர் மாற்றத்துக்கு 29, 30ஆம் படிவங்கள். முகவரியைப் பொறுத்து நாகர்கோவில் ஆர்.டி.ஓ. ஆபீஸோ மார்த்தாண்டமோ. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும், அது உங்களுக்குக் கிடையாது.

11. டெலிவரிக்கு முன்

நம்பர் போடும் முன்பே, பகல் வெளிச்சத்தில் வண்டியைப் பாருங்கள். பதிவு ஆனபின் கீறலைக் காட்டினால் "பாலிஷ் போட்டுத் தருகிறோம்" என்பதோடு சரி. டயரில் நாலு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025இல் 23ஆவது வாரம் தயாரானது. நாலு டயரும் ஸ்டெப்னியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தவையா? வண்டி தயாரான மாதம் என்ன? பில்லில் "ஹேண்ட்லிங்" என்று ஒரு தொகை இருந்தால் அது எதற்கு என்று கேட்டு, அதை நீக்கச் சொல்லுங்கள்.

சீட் கவர் இலவசம் என்று மாட்டிவிடுவார்கள். பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள் இருந்தால் சாதாரண கவர் அதை அடைத்துவிடும், ஐசோஃபிக்ஸ் கொக்கியையும் மூடிவிடும். வேண்டாம் என்று முன்பே எழுதிக் கொடுங்கள்.

12. முதல் மாதம்

முதல் வாரம் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, ரோடு காலியாக இருக்கும்போது, உங்கள் கேட்டுக்குள் ரிவர்ஸ் எடுத்துப் பத்து முறை பழகுங்கள். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழேயுள்ள நெரிசலை இரண்டாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆரல்வாய்மொழி தாண்டி நெல்லைக்குப் போவதை மூன்றாம் வாரத்துக்கு மேல் வையுங்கள். அந்தக் கணவாயில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும், உயரமான வண்டியை இன்னும் கூடுதலாக. லாரியைக் கடந்து வெளியே வரும் நொடியில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டும்.

கடற்கரைக்குப் போய் வந்தால் மறுநாளே அடிப்பக்கம் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிள்ளையின் சீட்டை மாதம் ஒரு முறை ஆட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. அசைந்தால் முழங்காலால் அழுத்திக்கொண்டு பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துக் கட்டுங்கள்.